குளிசையை நிறுத்தச் சொல்லாதீர்கள்: யாழ்ப்பாணத் திருச்சபைத் தலைவர்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆயர்களே, குருக்களே, போதகர்களே, ஜெபக்குழுத் தலைவர்களே,

கிறிஸ்தவர்களாகவும் உளநலப் பணியில் இருப்பவர்களாகவும் இதை எழுதுகிறோம். குடாநாட்டில் நடக்கும் சுகமளிக்கும் கூட்டங்கள் சிலவற்றில் உளநோய்க்கான குளிசைகளை விட்டுவிடும்படி நோயாளருக்குச் சொல்லப்படுகிறது. "இனி இது உனக்குத் தேவையில்லை" என்று ஒலிவாங்கியில் அறிவிக்கிறார்கள், கூடியிருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். சில கிழமைகளிலோ சில மாதங்களிலோ அதே மனிதரை, முன்னரிலும் மோசமான நிலையில், வீட்டார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். இது ஒரு சபையில் மட்டும் நடப்பதல்ல, ஆகவே எந்தப் பெயரையும் இங்கே எழுதவில்லை. இதைத் தடுக்கும் தெளிவான விதியொன்று வாங்குகளில் இருப்பவர்களின் காதுக்கு எட்டும்படி சொல்லப்படாமல் இருப்பதுதான் எங்கள் முறைப்பாடு. அந்த மௌனத்தின் பொறுப்பு உங்களுடையது.

பேய் உண்டா இல்லையா என்று வாதாட இதை எழுதவில்லை. ஜெபத்தை நிறுத்தும்படியும் கேட்கவில்லை. ஜெபிப்பவர் மருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதே எங்கள் கோரிக்கை. அதற்கான காரணங்களை விளக்கமாகவே எழுதுகிறோம்.

முதலில், மேடையில் சொல்லப்படும் சாட்சி ஏன் உண்மைபோலத் தெரிகிறது என்பதைப் பாருங்கள். ஒலன்சபின், குளோசபின் போன்ற குளிசைகள் நித்திரையையும் உடம்பின் எடையையும் கூட்டும். ஹலோபெரிடோல், றிஸ்பெரிடோன் போன்றவை கைகாலை இறுக்கி, முகத்தின் அசைவைக் குறைக்கும். இவற்றை விட்டதும் இந்தப் பக்க விளைவுகள் நாளடைவில் விலகுகின்றன. முகம் தெளிகிறது, காலையில் எழும்ப முடிகிறது, பேச்சு உசாராகிறது. சாட்சி சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். நோயைத் தடுத்து வைத்த மருந்தின் பலன் உடனே அற்றுப்போவதில்லை. மாதாந்த ஊசி போட்டவரின் உடலில் மருந்து கிழமைக் கணக்காக, சிலருக்கு மாதக் கணக்காக, தங்கி நிற்கும். நோய் திரும்புவது அதற்குப் பிறகு. முதலில் நித்திரை குறையும். அறையை விட்டு வெளிக்கிட மாட்டார். குளிப்பு விடுபடும். அயலவர் தன்னைப் பற்றிக் கதைப்பதாகச் சொல்லத் தொடங்குவார். கடைசியாகக் குரல்கள் கேட்கும். அதற்குள் கூட்டத்துக்கு வந்த பிரசங்கியார் வேறு ஊருக்குப் போயிருப்பார். சாட்சியைக் கேட்ட நூற்றுக்கணக்கானவர்களுக்கு இந்த இரண்டாம் பாகம் தெரியவே வராது. குடும்பத்துக்குக் கிடைப்பது இரண்டு பதில்களில் ஒன்று. உங்கள் விசுவாசம் போதவில்லை என்பார்கள். அல்லது மத்தேயு 12:45ஐக் காட்டி, போன ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பிவிட்டது என்பார்கள். இரண்டுமே நோயாளியின் தலையில் பழியைச் சுமத்துகின்றன.

மனச்சிதைவு நோயின் முதல் தாக்கத்திலிருந்து மீண்டவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் படிப்பு, வேலை, திருமணம் என்று ஏதாவதொன்று கையை விட்டுப் போகிறது. திரும்பிய நோய் முன்னைய அளவு மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

குளோசபின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேறு மருந்துகளுக்கு அடங்காத நோய்க்கே அது கொடுக்கப்படுகிறது. 48 மணித்தியாலத்துக்கு மேல் அதை விட்டவர் பழைய அளவை அப்படியே திரும்ப எடுக்கக் கூடாது. 12.5 மில்லிகிராமில் தொடங்கி, மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் இரத்த அழுத்தம் சடுதியாக விழலாம், வலிப்பும் வரலாம். மூன்று நாள் தியானமொன்றில் குளிசையை எடுக்காமல் இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பழைய அளவை விழுங்கினாலே போதும், ஆபத்து வந்துவிடும். வலிப்புக் குளிசை, நித்திரைக் குளிசை ஆகியவற்றைத் திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். மனச்சோர்வுக்கான ஃபுளுஒக்செற்றின், சேர்ட்ரலின் போன்றவை பலன் தரவே இரண்டு முதல் நான்கு கிழமைகள் எடுக்கும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். "பழகிப்போகும், அடிமையாக்கும்" என்று பிரசங்கத்தில் சொல்லப்படுவது இந்தக் குளிசைகளுக்குப் பொருந்தாது. சடுதியாக விட்டால் சிலருக்குத் தலைச்சுற்றும் நித்திரையின்மையும் வருவது உண்மை. மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பது அதனால்தான்.

அடுத்தது உபவாசம். உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய்க்கு லிதியம் கொடுக்கிறார்கள். இரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் இவ்வளவு ஒடுங்கிய இடைவெளிதான். தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லிதியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில், தகரக் கொட்டகைக்குள், தண்ணீரும் குடியாமல் இருந்து ஜெபிப்பவருக்கு அளவு ஏறிவிடும். மூட்டு நோவுக்கு டைக்குளோபெனக், ஐபுபுரோபன் எடுத்தாலும் ஏறும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, வயிற்றோட்டம், தள்ளாட்டம், நாக்குழறல் என்பவை அறிகுறிகள். நாக்குழறுவதையும் விழுவதையும் ஆவியின் வல்லமை என்று எண்ணிக் காத்திருந்தால் ஆளை இழக்க நேரும். லிதியம் எடுப்பவருக்குத் தண்ணீரில்லா உபவாசம் வேண்டாம். தொலைக்காட்சியையோ இறைச்சியையோ விடச் சொல்லுங்கள். கத்தோலிக்கத் திருச்சபை நோயாளருக்கு நோன்பில் விலக்கு அளிப்பது உங்களுக்குத் தெரியும். அந்த விலக்கு உளநோயாளருக்கும் உண்டு என்பதைத் தவக்காலத் தொடக்கத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள், ஏனென்றால் தங்களை நோயாளர் என்று வெளியில் காட்டிக்கொள்ள அவர்கள் கூச்சப்படுகிறார்கள்.

முழு இரவு ஜெபத்துக்கும் இதே கவனம் வேண்டும். இருதுருவ நோயுள்ளவருக்கு ஒரு இரவு நித்திரை கெடுவதே மிகையுற்சாகத்தைத் தூண்டிவிடப் போதுமானது. நித்திரையில்லாமலே களைப்புத் தெரியாது, பேச்சு நிற்காது, தன்னைத் தீர்க்கதரிசி என்பார், நகையைக் கழற்றிக் காணிக்கையாகக் கொடுப்பார். சபை இதை அபிஷேகம் என்று கொண்டாடிய பிறகு அவரைச் சிகிச்சைக்கு அழைத்து வருவது மிகக் கடினம். இப்படிப்பட்டவரை வழமையான நேரத்தில் வீட்டுக்கு அனுப்பி நித்திரை கொள்ளச் செய்யுங்கள். அவர் கொடுத்த நகையைக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுங்கள்.

பேய் பிடித்தது என்று ஜெபத்துக்குக் கொண்டுவரப்படும் சில நிலைகளைப் பார்த்தவுடன் அடையாளம் காண நீங்கள் பழகியே ஆக வேண்டும். ஹலோபெரிடோல் ஊசியோ குளிசையோ தொடங்கிய சில மணித்தியாலங்களில், அல்லது முதல் சில நாட்களில், கழுத்து ஒரு பக்கம் திருகி, கண்கள் மேலே செருகி, நாக்கு வெளியே தள்ளலாம். இளவயது ஆண்களில் இது கூடுதலாக வரும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆள் முழு நினைவோடு இருப்பார். இது மருந்தின் பக்க விளைவு. ஆஸ்பத்திரியில் உரிய ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடும், பிறகு பென்செக்சோல் குளிசை கொடுப்பார்கள். ஆகவே யாராவது கழுத்துத் திருகி வந்தால், "இந்தக் கிழமை புதிதாக என்ன மருந்து எடுத்தார்?" என்பதே உங்கள் முதற்கேள்வியாக இருக்கட்டும். கிளினிக் கொப்பியை வாங்கிப் பாருங்கள்.

வலிப்பு வந்தவரைப் பலர் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பது இன்னும் நடக்கிறது. பிடிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். தலைக்குக் கீழே மெதுவான துணியொன்றை வைத்து, பக்கவாட்டில் சரித்து, மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990ஐ அழையுங்கள். பிள்ளை பெற்று முதல் இரண்டு கிழமைக்குள் ஒரு தாய் நித்திரையை இழந்து, குழம்பி, பிள்ளையைத் தெய்வம் என்றோ பிசாசு என்றோ சொன்னால் அது அவசர நோய். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் வரும், சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும். கட்டுப்படும்வரை தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து இருக்கிறது. துடக்குக் கழியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். நாள்தோறும் கடுமையாகக் குடித்தவரை "குடி விடுதலை" என்று அறைக்குள் வைத்துப் பூட்டுவதும் கொலைக்கு ஒப்பான ஆபத்து. குடியை விட்ட முதல் நாளில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாட்களில் குழப்பம், இல்லாத பூச்சிகளைக் காண்பது, காய்ச்சல் என்று வந்தால் மரணமும் நேரலாம். அவருக்குத் தயமின் என்னும் விற்றமின் பி1உம், நடுக்கத்தை அடக்கும் மருந்தும் முதல் நாளே வேண்டும். உபவாசம் அவருக்கு நஞ்சு.

எல்லோரும் ஆர்ப்பாட்டமாக வருவதில்லை. மிக அமைதியாக வருத்தப்படும் ஒரு கூட்டம் உங்கள் ஆலயத்திலேயே இருக்கிறது. தேவதூஷண எண்ணங்கள் தானாக மனதில் ஓடுகின்றன, மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேன் என்று அஞ்சி, ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுபவர்கள் இவர்கள். இது எண்ணச் சுழற்சி நோய். நீங்கள் அன்போடு "உனக்கு மன்னிப்பு உண்டு" என்று ஒவ்வொரு முறையும் ஆறுதல் சொல்லும்போது நோய் தீனி பெறுகிறது. ஆறுதல் சில நிமிடம் நிற்கும், பிறகு சந்தேகம் இன்னும் பலமாக வரும். இதற்கான நடத்தைச் சிகிச்சை, பயத்தை எதிர்கொண்டு, உறுதிதேடும் செயலைச் செய்யாமல் இருக்கப் பழக்குகிறது. இங்கே சிகிச்சையாளருக்கு உங்கள் உதவி நேரடியாகத் தேவை. ஒரே குருவிடம் மட்டும், குறித்த நாளில் மட்டும் பாவசங்கீர்த்தனம் செய்வது, ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இருப்பது என்று நோயாளி, குரு, சிகிச்சையாளர் மூவரும் சேர்ந்து ஒழுங்கு செய்யலாம். மனரேசாவில் இதே வேதனையில் தவித்த புனித இஞ்ஞாசியாரின் வரலாறு குருக்களுக்குத் தெரிந்ததுதான். மருந்து கொடுத்தால் இந்நோய்க்கு மனச்சோர்வுக்குரியதைவிடக் கூடிய அளவு தேவைப்படலாம். பலன் தெரிய பன்னிரண்டு கிழமை வரை பொறுக்க வேண்டும்.

வேதத்தின்படி நடப்பதாகச் சொல்பவர்களுக்கு வேதத்திலிருந்தே சொல்கிறோம். மத்தேயு 4:24 பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் திமிர்வாதக்காரரையும் தனித்தனியாகவே எண்ணுகிறது. சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியாவுக்கு முதலில் கிடைத்தது நித்திரையும், தூதன் கொடுத்த அடையும் தண்ணீரும். எசேக்கியாவின் பிளவைக்கு ஏசாயா அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னார். சீராக் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. இவை எல்லாவற்றிலும் எங்களுக்கு முக்கியமானது லூக்கா 17:14. பத்துக் குஷ்டரோகிகளிடம் இயேசு, உங்களை ஆசாரியர்களுக்குக் காண்பியுங்கள் என்றார். லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களின் சட்டப்படி, நோய் நீங்கியதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அன்று ஆசாரியனிடம் இருந்தது. ஏழு நாள் பொறுத்து மீண்டும் பார்க்கும் ஒழுங்கும் அதில் உண்டு. கர்த்தர் குணமாக்கிய பிறகும் அதைச் சரிபார்க்கும் முறையை மீறச் சொல்லவில்லை. இன்று அந்தச் சரிபார்ப்பு கிளினிக்கில் நடக்கிறது. உண்மையாகவே குணமானவர் கிளினிக்குக்குப் போவதால் எதையும் இழக்க மாட்டார்.

உங்கள் சபைகளின் சொந்த விதிகளும் இதையே சொல்கின்றன. 1614இன் உரோமைச் சடங்கு நூலே, ஒருவருக்குப் பேய் பிடித்திருப்பதாக இலகுவில் நம்பிவிடாதே, நோயாளரிடமிருந்து பிரித்தறி என்று குருவை எச்சரித்தது. இன்றைய கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் விதிப்படி, மறைமாவட்டத் தலைமையின் வெளிப்படையான அனுமதியின்றி எவரும் பேயோட்டக் கூடாது. குணமளிக்கும் வழிபாடுகள் பற்றி 2000ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல் வெறியுணர்வையும் நாடகத்தனத்தையும் விலக்குகிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆயர்கள் 1975இல் வகுத்த வழிகாட்டல், இப்பணியை மருத்துவத்தோடு இணைந்து, மிகக் குறைந்த விளம்பரத்தோடு, ஆயரின் அதிகாரம் பெற்ற அனுபவசாலிகள் செய்ய வேண்டும் என்கிறது. சட்டங்கள் இருக்கின்றன, நடைமுறை இல்லை.

ஜெபமும் சிகிச்சையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஆய்வு உண்டு. கானாவில் ஒரு ஜெப முகாமில் இருந்த 139 பேரிடம் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், வழமையான ஜெபத்தோடு மருந்தும் பெற்றவர்களின் நோய்க்குறிகள், ஜெபம் மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகக் குறைந்தன. ஆனால் அவர்கள் சங்கிலியில் கழித்த நாட்கள் குறையவில்லை. மருத்துவர் வந்து மருந்து கொடுத்தாலும், சங்கிலியைக் கழற்றும் முடிவு முகாமை நடத்துபவரின் கையில்தான் இருந்தது. தமிழ்நாட்டில் ஏர்வாடித் தர்காவை அண்டியிருந்த உளநோயாளர் காப்பகமொன்றில் 2001 ஓகஸ்ட் 6ஆம் நாள் தீயில் 28 பேர் இறந்ததற்குக் காரணம் அவர்களைக் கட்டி வைத்திருந்ததுதான். எந்த மதத்தவரின் இடமானாலும் கட்டி வைக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. மனச்சோர்வுக்கான எண்ண, நடத்தைச் சிகிச்சையை நோயாளியின் சமய நம்பிக்கையோடு இணைத்துக் கொடுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், அது வழமையான முறைக்குச் சமமாகப் பலன் தந்தது. விசுவாசத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரும்படி சிகிச்சை கேட்க வேண்டியதில்லை. நோயாளியின் நம்பிக்கையைக் கேட்டறியாமல் ஏளனமாகப் பேசும் மருத்துவரும் நோயாளரைக் கிளினிக்கிலிருந்து துரத்துகிறார். அதை எங்கள் சகாக்களிடம் நாங்கள் சொல்லி வருகிறோம்.

இந்த மண்ணின் தேவை சிறிதல்ல. யுத்தம் முடிந்த 2009இல் யாழ் மாவட்டத்தில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், 32.6 வீதமானோரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும் 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் காணப்பட்டன. கிளினிக்குகளால் மட்டும் இதைச் சுமக்க முடியாது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு இருக்கும் தாயிடம் "கர்த்தரின் சித்தம், ஏற்றுக்கொள்" என்று சொல்லாமல், 88ஆம் சங்கீதத்தை அவரோடு இருந்து வாசிக்கக்கூடியவர் நீங்கள்தான். அந்தச் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அவரை அவசரப்படுத்துவதில்லை. 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஷ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்ததும், அதற்கான நூல்களைத் தமிழில் ஆக்கியதும் மிஷன் பணியாகத்தான். யாழ்ப்பாணத்துத் திருச்சபைக்கு மருந்து அந்நியமானதல்ல.

ஆகவே கேட்கிறோம்.

அடுத்த லெந்து காலம் தொடங்குவதற்கு முன், உங்கள் பெயரும் கையொப்பமும் இட்ட ஒரு சுற்றறிக்கையை எல்லா ஆலயங்களிலும் வாசியுங்கள். அதில் இந்த வசனம் இருக்கட்டும்: "எங்கள் சபையில் எந்தக் குருவுக்கும், போதகருக்கும், ஜெபக்குழுவுக்கும் ஒருவரின் மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ சொல்ல அதிகாரம் இல்லை." மீறுபவர் ஊழியம் செய்ய அனுமதி இழப்பார் என்பதையும் சேருங்கள். வெளியூரிலிருந்து வரும் பிரசங்கிமாரிடம் மேடை ஏறுமுன் இதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

உளநோய் குணமானதாகச் சாட்சி சொல்ல வருபவர் கிளினிக் மருத்துவரைக் கண்ட பிறகு, குறைந்தது ஒரு ஆண்டு கழித்துச் சொல்லட்டும். விடுதலை ஜெபங்களைக் கைபேசியில் படம் பிடிப்பதையும் முகநூலில் போடுவதையும் முற்றாகத் தடை செய்யுங்கள். ஏற்கெனவே போட்டவற்றை நீக்குங்கள். அந்தப் படங்களில் தெரியும் பெண்பிள்ளைகளுக்கு இனி வேலையும் கலியாணமும் இருக்கிறது. ஜெப விண்ணப்பம் வாசிக்கும்போது நோயின் பெயரைச் சொல்லாதீர்கள்.

கட்டுதல், அடித்தல், பூட்டி வைத்தல், உணவோ தண்ணீரோ மறுத்தல் எங்கு நடந்தாலும் அன்றே நிறுத்துங்கள்.

ஒவ்வொரு பங்கிலும் சபையிலும் இருவரைத் தெரிவு செய்யுங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அவர்களுக்கு மேலே எழுதிய அறிகுறிகளையும், தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கும் முறையையும் கற்பிக்க ஆயத்தமாக இருக்கிறோம். அப்படிக் கேட்பதால் எண்ணம் உண்டாகாது, பெரும்பாலும் பாரம் குறைகிறது. "ஓம்" என்று பதில் வந்தால் நரகத்தைப் பற்றிப் பேச வேண்டாம். ஆளைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள கிருமிநாசினியையும் குளிசைகளையும் பூட்டுவித்து, அன்றே தெல்லிப்பழையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள உளமருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் செல்லட்டும். இரவானால் 1926ஐ அழைக்கலாம். தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல, பொலிஸுக்குப் பயந்து மறைக்கத் தேவையில்லை. இறந்தவருக்கு அடக்க ஆராதனையை மறுப்பதற்கும் 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கச் சட்டத்தில் இடமில்லை.

கொழும்புத்துறைக் குருமடத்திலும் ஏனைய சபைகளின் இறையியல் கல்லூரிகளிலும் உளநோய் பற்றிய பாடத்தைக் கட்டாயமாக்குங்கள். மாணவர்கள் சில கிழமைகளாவது ஒரு உளநல கிளினிக்கில் இருந்து பார்க்கட்டும். ஆலய நிதியில் ஒரு பகுதியைக் கிளினிக் பஸ் செலவுக்கும், நோயாளியைப் பராமரிக்கும் தாய் ஒரு நாள் ஓய்வெடுக்க உதவுவதற்கும் ஒதுக்குங்கள்.

இந்த மடலுக்கு எழுத்தில், பகிரங்கமாகப் பதில் தாருங்கள். ஏற்க முடியாத கோரிக்கை எது, ஏன் என்பதையும் எழுதுங்கள். அதைப் பேசித் தீர்க்க எந்த ஆலயத்துக்கும் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
யாழ் மாவட்டத்தில் உளநலப் பணியில் இருக்கும் கிறிஸ்தவர்கள் சிலர்